புது முகம், பழைய எலும்பு

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் ஒருவரும் பயப்படுவதில்லை. மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைச் சற்றுக் கூட்டுவாள், அவ்வளவுதான். கோபத்தில் என் குரல் கனக்காது, கீச்சென்று மேலே ஏறும். மூக்கு நுனி சிவக்கும். சொல்ல வந்தது மறந்து வேறெதையோ சொல்லிவிடுவேன். ஆகவே இதைப் படித்துச் சிரிப்பவர்களை நான் குறை நினைக்கமாட்டேன். பழகிப்போனதுதான். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த முறை நான் பகிடி விடவில்லை. ஒரு சின்னக் காரைச் செய்தவர்கள் மீது எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது.

காரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொல்லவும் தேவையில்லை. நான்கு கதவு, சிறிய உடம்பு, குறைந்த பெற்றோல். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் தமிழ் வீடுகள் உள்ள எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் வாசலுக்கு ஒன்று நிற்கும். யாரோ ஓர் அண்ணை ஆதியில் வாங்கினார். அது பழுதாகவில்லை. அவரைப் பார்த்து அவருடைய சகலன் வாங்கினார், சகலனைப் பார்த்து ஊரே வாங்கியது. கலியாண மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் விருந்து முடிந்து வெளியே வந்தால், வேட்டி கட்டிய ஆண்கள் எல்லாரும் திறப்பை நீட்டி அமத்திக்கொண்டு எந்தக் கார் கண் சிமிட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை நான் பூட்டாத காரொன்றுக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, பக்கத்தில் வந்து ஏறிய பெண்ணிடம் "பெல்ற்றைப் போடும்" என்றும் சொல்லிவிட்டேன். அவள் வேறொருவருடைய மனைவி. பெல்ற் போட்டும்விட்டாள், பாவம்.

அந்தக் காரில் நான் மூன்றாவதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் எங்கள் வட்டாரத்தில் நான் ஒரு நிபுணன். எங்கள் ஆண்கள் கார்களின் வருஷங்களைச் சாதகம் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். இந்த வருஷத்தில் கியர் பெட்டிக்குத் தோஷம், அந்த வருஷத்தில் ஏசிக்குச் சனி, இன்ன வருஷத்துக்கு அடிப்பாகம் துருப்பிடிக்கும். நானும் தேநீரை உறிஞ்சிக்கொண்டு எத்தனையோ பேருக்குப் பலன் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தக் கார் மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று எங்களில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. பெற்றோல் எவ்வளவு குடிக்கும், திருப்பி விற்றால் என்ன வரும், இவ்வளவுதான் எங்கள் சாத்திரம்.

மகளுக்கு விட்பியில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தபோதுதான் என் நிபுணத்துவத்துக்குச் சோதனை வந்தது. நாங்கள் ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் இருக்கிறோம். அவள் நாளும் பொழுதும் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய் வர வேண்டும். ரயில் இருக்கிறது, ஆனால் நிலையத்திலிருந்து கிளினிக் வெகு தூரம். கார் வேண்டும். செய்தி என் வாயிலிருந்து முழுதாக வெளிவருவதற்குள் மில்லிக்கனில் இருந்து மச்சானின் தொலைபேசி வந்துவிட்டது. மச்சான் என்றால் என் மனைவியின் தமையன். பெரிய வாகனம் ஒன்று வாங்கப்போவதால் அவருடைய சின்னக் கார் சும்மா நிற்கப்போகிறது.

"மருமகளுக்கு நான் என்ரை காரைத் தாறன். காசு கீசு எண்டு நீர் வாயே திறக்கக்கூடாது. பிள்ளை முதல் வேலைக்குப் போறாள், மாமன்காரன் ஒண்டும் செய்யேல்லை எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

"உம்மடை கார் எந்த வருஷம், மச்சான்?"

"முகம் மாறின வருஷம். முன்லைற் நல்லா நீட்டா, பூனைக்கண் மாதிரி இருக்கும். பாத்திருப்பீர்தானே."

"அட, நல்ல வருஷமெல்லோ!" என்றேன், நிபுணனல்லவா.

சோபாவில் படுத்திருந்த மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, வெயிட். எந்த இயர் எண்டு சரியாக் கேளுங்கோ."

கேட்டேன். மச்சான் சொன்னார். மகள் தன் தொலைபேசியில் எதையோ தட்டி, பிறகு அதைப் பெரிய தொலைக்காட்சியில் போட்டாள்.

ஒரு மண்டபம். வெள்ளை வெளிச்சம். எங்கள் கார் ஓடி வருகிறது. உள்ளே முகத்தில் வண்ணம் பூசிய ஒரு பொம்மை ஓட்டுநர். முன்னால் ஒரு தடுப்புச் சுவர். சுவரில் முழு முகமும் மோதவில்லை, ஓட்டுநர் பக்கத்து மூலை மட்டும்தான் மோதியது. மின்கம்பத்திலோ எதிரே வரும் காரின் மூலையிலோ இடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. படம் மெதுவாக ஓடியது. சக்கரம் பின்னுக்கு வந்து கால் வைக்கும் இடத்துக்குள் புகுந்தது. கதவுக்கு முன்னால் இருக்கும் தூண் வாழைத்தண்டுபோல மடிந்தது. ஸ்ரியரிங் ஒரு பக்கமாக விலகியது, அதோடு காற்றுப்பையும் விலகியது, பொம்மையின் தலை காற்றுப்பைக்கும் தூணுக்கும் இடையில் இருந்த வெறுமைக்குள் போயிற்று. பொம்மையை எடுத்த பிறகு தூணில் அதன் முகத்து வண்ணம் ஒட்டியிருந்தது.

தேநீரோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ, ஆர் பெத்த பிள்ளை அது?"

"அது பொம்மை, அம்மா."

"பொம்மையெண்டாலும் பெல்ற் போட்டுக்கொண்டு ஒழுங்காத்தானே இருந்தது!"

மகள் இரண்டாவது படத்தைப் போட்டாள். அதே முகம், அதே பூனைக்கண், அதே சுவர். தூண் நின்றது. பொம்மை காற்றுப்பைக்குள் முகத்தைப் புதைத்து, களைத்துப்போய் நித்திரை கொள்பவனைப்போல இருந்தது.

"இது அடுத்த வருஷத்துக் கார் அப்பா. மாமான்ரை கார் முதல் படத்திலை பாத்தது. வெளியிலை ரெண்டும் ஒண்டுதான். உள்ளுக்குத்தான் வேறை."

அப்போதுதான் என் மூக்கு சிவக்கத் தொடங்கியது.

முகத்தை மாற்றிய வருஷத்தில் இவர்கள் என்ன செய்தார்கள் என்று அன்று முழுக்கத் தேடித் தேடிப் படித்தேன். விளக்கை நீட்டினார்கள். முன் கிறில்லுக்குப் பளபளப்புப் பூசினார்கள். கோப்பை வைக்கும் குழியைப் பெரிதாக்கினார்கள். நீலத்தில் புதிதாக ஒரு நீலம் கண்டுபிடித்து அதற்கு ஏதோ கடலின் பெயரும் வைத்தார்கள். உள்ளே இருக்கும் எலும்பை, அந்தத் தூணைத் தொடவில்லை. முகப்பூச்சுப் போட்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் ஒருவருக்கும் சொல்லாமல் எலும்பைப் பலப்படுத்தினார்கள். அதிலும் ஓட்டுநர் பக்கத்து எலும்பை மட்டும். ஏனென்றால் கார்களை மோதவிட்டுப் பார்க்கும் பரிசோதனைக்காரர் அந்தப் பக்கத்தைத்தான் இடித்துப் பார்த்தார்கள். எங்கள் காலத்தில் ரியூஷன் மாஸ்டர் "இது கட்டாயம் வரும்" என்று சொன்ன கேள்வியை மட்டும் பாடமாக்கிக்கொண்டு போய்ச் சோதனை எழுதுவோமே, அதே வேலை. நான் அப்படித்தான் கணிதத்தில் சித்தியடைந்தேன். ஆனால் நான் அப்போது காற்சட்டை போட்ட பொடியன். இவர்கள் எஞ்சினியர்கள்.

பக்கத்து இருக்கைப் பக்கத்தையும் இடித்துப் பார்க்கப்போகிறோம் என்று பரிசோதனைக்காரர் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கமும் பலமாயிற்று. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் மனைவி இருப்பது அந்தப் பக்கத்தில்தான். இதை அவளிடம் கொதித்துக்கொண்டு சொன்னேன்.

"உங்களை மாதிரித்தான் போல அவங்களும்," என்றாள். "முதல்லை தங்கடை பக்கத்தைப் பாக்கிறது."

இன்னொன்றும் இருக்கிறது. முன்னால் போகிற வாகனம் சட்டென்று நின்றால் கமராவால் பார்த்துத் தானாகவே பிறேக் பிடிக்கும் வசதி. அந்த வசதி மச்சானின் வருஷத்திலேயே வந்துவிட்டது. ஆனால் எல்லாருக்கும் இல்லை. அது வேண்டுமென்றால் உயர்ந்த ரகத்தை எடுக்க வேண்டும், எடுத்தால் அதோடு கூரையில் திறக்கும் ஜன்னலும் தோல் சுற்றிய ஸ்ரியரிங்கும் சேர்ந்து வரும். பார்க்கும் பிறேக்கைத் தனியாகத் தரமாட்டார்கள். ரொறன்ரோவில் கூரையைத் திறந்துகொண்டு போகத் தோதான நாட்கள் எத்தனை என்று இங்கே ஒரு கோடைகாலம் இருந்தவனுக்குத் தெரியும். உயிர் பிழைக்க ஆசைப்படுகிறவன் கூரையில் ஓட்டையும் வாங்க வேண்டுமாம். அந்த ரகத்தை எங்கள் ஆட்கள் ஒருவரும் வாங்கவில்லை, மச்சானும் வாங்கவில்லை. அந்த முகத்தின் கடைசி வருஷத்தில்தான் எல்லா ரகத்துக்கும் கமரா வந்தது, எல்லாப் பக்கத்து எலும்பும் சரியாயிற்று. ஒரு காரை ஒழுங்காகச் செய்து முடித்த கையோடு அதைக் கைவிட்டு, அடுத்ததைப் பிழையிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கனுக்குப் போனோம். மச்சான் காரைக் கழுவி, மினுக்கி, வாசலில் நடுநாயகமாக நிறுத்தியிருந்தார். மேசையில் ரோல்ஸ், பற்றிஸ், கேக். பெண் பார்க்க வந்த வீடுபோல இருந்தது. நான் மூன்று ரோல்ஸைச் சாப்பிட்டுத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"மச்சான், காரை நாங்கள் எடுக்கேல்லை."

"ஏன்? கலர் பிடிக்கேல்லையோ?"

"வருஷம் பிடிக்கேல்லை."

"நீர்தானே போனிலை நல்ல வருஷம் எண்டனீர்!"

"அது கண்ணைப் பாத்துச் சொன்னனான். எலும்பைப் பாக்கேல்லை."

"உதென்ன கதை? காருக்கு எலும்போ?"

விளக்கினேன். மூலை, தூண், பொம்மை, வண்ணம் எல்லாவற்றையும் சொன்னேன். குரல் கீச்சென்று ஏறியது. மச்சானின் மனைவி கேக்கை என் பக்கம் தள்ளினார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காலமும் நானும் இவளும் இந்தக் காரிலைதானே போய் வாறம்? எங்களுக்கு என்ன நடந்தது?"

"மூலையிலை அடிபடேல்லை, மச்சான். அதுதான் ஒண்டும் நடக்கேல்லை."

"அப்ப, உம்மடை பிள்ளைக்கு ஆகாத கார் என்ரை மனிசிக்கு ஆகும், அப்பிடியோ?"

மேசைக்குக் கீழே என் மனைவியின் கால் என் காலை மிதித்தது. மிதித்திருக்கத் தேவையில்லை.   எனக்கு முன்னால் கேக்கோடு நின்ற அந்த மனுசியைப் பற்றி நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் அந்த முகத்தின் கடைசி வருஷத்துக் காரைத் தேடி அலைந்தேன். விற்பனையாளர் தம்பி ஒருவர் தோளில் கை போடாத குறையாக, "அண்ணை, எல்லாம் ஒண்டுதான் அண்ணை, முன்லைற்றைப் பாருங்கோ," என்றார். முன்லைற்றைப் பார்த்துத்தான் ஏமாந்தோம் என்று சொல்லி அவரோடும் கொழுவினேன். வருஷம் காரின் வெளியில் எங்கும் எழுதியிருக்காது. ரகத்தின் பெயரை வெள்ளி எழுத்தில் பின்னால் பதிக்கிறார்கள். வருஷமோ முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள நீண்ட இலக்கத்துக்குள் ஒற்றை எழுத்தாக ஒளிந்திருக்கிறது. குனிந்து, கண்ணாடி போட்டு, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருவழியாக ஒன்று கிடைத்தது. மகள் ஓட்டிப் பார்த்தாள். கமரா பச்சை விளக்குக் காட்டியது. எனக்குப் பாதிக் கோபம் அடங்கியது.

கோயிலுக்குக் கொண்டு போனோம். சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய், முகத்துக்குச் சந்தனம், ஐயரின் மந்திரம் எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. மகள் குளிருக்குள் நிற்க மனமில்லாமல் உள்ளே பிரசாதத்தோடு இருந்துவிட்டாள். கோயில் வாசலில் வெள்ளி நிறத்தில் உள்ளங்கை அளவு வேல் ஸ்ரிக்கர் விற்றார்கள். மனைவி ஒன்று வாங்கினாள்.

"கண்ணாடியிலை நடுவிலை, உயரத்திலை ஒட்டுங்கோ. ரோட்டைப் பாக்கட்டும்."

உள்ளே ஒட்டப் பார்த்தேன். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ ஒரு கறுப்புப் பெட்டி இடைஞ்சலாக இருந்தது. அதனால் வெளியில் வந்து, அந்தப் பெட்டி இருக்கும் இடத்துக்கு நேர் முன்னால், விரல் நகத்தால் காற்றுக் குமிழ்களை எல்லாம் தள்ளித் தள்ளி, மிக நேர்த்தியாக ஒட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, கோணல் இல்லாத வேலை.

அடுத்த கிழமையிலிருந்து காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. முன் கமரா மறைந்திருக்கிறது, துடைக்கவும் என்று எழுத்தும் வந்தது. பனி தொடங்கிவிட்டது, வீதியெல்லாம் உப்பு. அதனால்தான் என்று நினைத்தோம். நான் காலையில் எழுந்து சுடுதண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியைத் துடைப்பேன். வேலில் படாமல், வேலைச் சுற்றி, பக்தியோடு துடைப்பேன். விளக்கு அணையவில்லை.

ஒருநாள் மகள் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஏஜாக்ஸ் தாண்டி வரும்போது முன்னால் போன பெரிய ட்ரக் சட்டென்று நின்றதாம்.

"என்ரை கால்தான் பிறேக் பிடிச்சது அப்பா. கார் ஒரு சத்தமும் போடேல்லை. ஜஸ்ற் நத்திங்."  மனைவி அவளுடைய கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் காரை விற்ற இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். என் ஆங்கிலம் கோபத்தில் இருமடங்கு வேகத்தில் போகும், இலக்கணம் பின்னால் நடந்து வரும். எலும்பைச் சரிசெய்துவிட்டுக் கண்ணைப் பிடுங்கிவிட்டீர்கள் என்றேன். மறுமுனையில் இருந்த பெண் என்ன எலும்பு என்று கேட்டாள். கமராவுக்கு முன்னால் கண்ணாடி சுத்தமாக இருக்கிறதா என்றும் கேட்டாள். என் வீட்டுக் கோப்பையைவிடச் சுத்தம் என்று கத்தினேன். வரும் புதன்கிழமை கொண்டுவரச் சொன்னாள்.

புதனுக்கு முன்னால் தைப்பொங்கல் வந்தது. மச்சான் குடும்பம் வந்தார்கள். மனத்தாங்கல் இருந்தாலும் பொங்கலுக்கு வராமல் விடமாட்டார்கள். நான் வாசலிலேயே அவரைப் பிடித்து, கம்பனிக்காரன் செய்த அநியாயத்தைச் சொல்லத் தொடங்கினேன். மச்சான் எனக்குக் காது கொடுத்தபடி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

"மச்சான், உதென்ன?"

"வேல்."

"வேலுக்குப் பின்னாலை?"

"மிரர்."

"மிரருக்கும் வேலுக்கும் நடுவிலை?"

நான் பார்த்தேன். கறுப்புப் பெட்டி. அதன் நடுவில் ஒரு சின்னக் கண். அந்தக் கண்ணுக்கு நேரே, கோணல் இல்லாமல், குமிழ் இல்லாமல், வேல்.

மச்சான் சிரித்தார். சிரித்துச் சிரித்து, காலால் நிற்க முடியாமல் பனிக்குவியலில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, முருகனைக் கொண்டே கமராவை மறைச்சுப்போட்டு மனிசன் கம்பனியோடை சண்டை பிடிக்குது! என்ரை கார் ஆகாதெண்டான். என்ரை காருக்குக் கண் இல்லைத்தான், ஆனா நான் அதின்ரை கண்ணைப் பொத்தேல்லை!"

எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மகள் தலைமயிர் காய வைக்கும் கருவியைக் கொண்டுவந்து சூடாக்கி ஸ்ரிக்கரை உரித்தெடுத்தாள். மஞ்சள் விளக்கு அணைந்தது. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "இற்ஸ் ஓகே அப்பா" என்றாள், அது திட்டைவிட மோசம். உரித்த வேலை எங்கே வைப்பது என்று மனைவி கையில் ஏந்திக்கொண்டு நிற்க, மச்சான் கண்ணைத் துடைத்தபடி, "பின்னுக்கு ஒட்டு பிள்ளை, பின்னாலை வாறவன் பாத்துப் பிறேக் பிடிக்கட்டும்," என்றார்.

அதற்குப் பிறகு என் பெயர் வேலண்ணை. சாமத்தியவீடு, பிறந்தநாள், செத்தவீடு எங்கே போனாலும் யாராவது ஒருவர், "அண்ணை, உங்கடை கார் இப்ப கண் தெரிஞ்சு ஓடுதோ?" என்பார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்கத் தக்கதுதான், நானே பலருக்குச் சொல்லிச் சிரிக்கவைத்தேன், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மெருகு போட்டேன். ஆனால் அந்தச் சிரிப்போடு சேர்ந்து மற்றதும் போயிற்று. மூலை, தூண், பொம்மை, இனி யாரிடம் சொன்னாலும் வேலில்தான் வந்து முடியும். அது எனக்கு விளங்கியது மச்சான் வீட்டு பேஸ்மென்றில், நிலக்கீழ்த் தளத்தில், வாடகைக்கு இருந்த குடும்பத்தால்.

கோயம்புத்தூரில் இருந்து வந்த புருஷன் பெண்சாதி, நடக்கத் தொடங்கிய ஒரு பெண்குழந்தை. இருவரும் கணினி வேலை. அவளுக்குப் பிக்கரிங்கில் அலுவலகம், பஸ் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாள். மச்சான் தன்னுடைய சின்னக் காரை அவர்களுக்குக் கொடுக்கப்போகிறார் என்று மனைவி சொன்னாள். உடனே தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், அந்தப் பிள்ளையளுக்கு அதைக் குடுக்காதையும்."

"ஆர், வேலண்ணையோ கதைக்கிறது?"

"பகிடி இல்லை. குழந்தையையும் ஏத்திக்கொண்டு போகப்போகினம்."

"வேலைப் பின்னுக்கு ஒட்டிக் குடுக்கிறன், சரிதானே?" அவருக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

கார் கைமாறும் நாளுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். பனி உருகி வாசலெல்லாம் சேறு. அந்தப் பெண் தட்டில் தேசிக்காயும் கற்பூரமும் சந்தனமும் குங்குமமுமாக வந்தாள். அவளுடைய புருஷன் குழந்தையின் இருக்கையைப் பின்சீற்றில் இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் சந்தனத்தைக் குழைத்தபடி சுற்றிவரப் பார்த்து, "அங்கிள், பொட்டு எங்க வைக்கலாம்?" என்று கேட்டாள்.

மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதிலை கமராவே இல்லைப் பிள்ளை. எங்கை வேணுமெண்டாலும் வை."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய் தன்பாட்டில் சிரித்துவிட்டது. அவள் மட்டும் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல், மரியாதைக்குப் புன்னகை செய்துகொண்டு, பூனைக்கண்கள் இரண்டுக்கும் நடுவில் பொட்டு வைத்தாள்.

அப்போது எனக்கு வந்த கோபம் வேறு. மூக்கு சிவக்கவில்லை, குரலும் ஏறவில்லை. நான் இங்கே வந்த புதிதில் எனக்கும் ஒருவர் இப்படித்தான் ஒரு காரைத் தந்தார். நல்ல மனுசன், நல்ல மனத்தோடுதான் தந்தார். முந்தி வந்தவர்கள் நல்ல வருஷத்துக்கு மாறிவிடுகிறார்கள், கெட்ட வருஷம் புதிதாக வந்தவர்களின் கைக்குப் போகிறது. அங்கிருந்து அடுத்த விமானத்தில் வருகிறவர்களிடம். ஆலைக்காரன் ஒரு தூணில் மிச்சம் பிடித்தது இப்படி வாசல் வாசலாக, வாழ்த்தும் தேசிக்காயுமாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அவன் எங்கள் ஒருவருக்கும் முகம் காட்ட வேண்டியதே இல்லை. எங்களுக்குள் நாங்களே கொடுத்துக்கொள்வோம்.

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய், தொலைபேசியில் இரண்டு படத்தையும் காட்டினேன். பகிடி ஒன்றும் சேர்க்கவில்லை. "இது இந்த வருஷம். இது அடுத்த வருஷம்," என்றேன்.

அவள் பார்த்தாள். திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பின்சீற்றில் குழந்தையின் இருக்கையைப் பார்த்தாள்.

"எந்த கார் இடிச்சாலும் இப்படித்தான் ஆகும், சார்," என்றான் புருஷன்.

"இன்னொண்ணு ஆகலையே," என்றாள் அவள். பிறகு என்னிடம், "ஏன் அங்கிள், இதை வெளிய எழுதி ஒட்டமாட்டாங்களா? சிகரெட் பெட்டியில கூடப் போடுறாங்களே?"

 அவள் புருஷனின் கையிலிருந்த திறப்பை வாங்கி, மச்சானிடம் நீட்டினாள். "தப்பா நினைச்சுக்காதீங்க அங்கிள். நாங்க வேற பார்த்துக்கிறோம். அதுவரைக்கும் பஸ்ல போறேன்."

மச்சான் திறப்பை வாங்கிக்கொண்டார். என்னோடு கதைக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. குங்குமப் பொட்டோடு அந்தக் கார் அவர் வாசலில் நின்றது. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒழுங்கைக்குள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவேன், காதலியின் வீட்டைச் சுற்றும் விடலைபோல. ஒருநாள் அது நிற்கவில்லை. மனைவியைத் தமையனிடம் கேட்கச் சொன்னேன். அவள் தொலைபேசியை எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அண்ணை, அந்தக் கார் எங்கை?"

"வித்தாச்சு."

"ஆருக்கு?"

"ஆரோ ஒரு ஸ்காபரோப் பிள்ளை, நெற்றிலை பாத்திட்டு வந்தவள். முதல் வேலையாம், ஓஷவாவிலை. நல்ல சந்தோசமா ஓட்டிக்கொண்டு போட்டாள்." பிறகு, "விலாசம் தெரியாதெண்டு உன்ரை மனிசனுக்குச் சொல்லு," என்றார்.

ஓஷவா விட்பிக்கும் கிழக்கே, ரூஜைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. அந்தப் பிள்ளை தினமும் என் வீட்டுக்குப் பக்கத்தால்தான் போகிறாள்.

இப்போது 401இல் போகும்போது பின்னால் பூனைக்கண் தெரிந்தால் நான் வேகத்தைக் குறைத்து வழி விடுகிறேன். பக்கத்துத் தடத்தில் வந்தால் ஒதுங்கி நிறைய இடம் கொடுக்கிறேன். எது எந்த வருஷம் என்று வெளியில் தெரியாதபடியால் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்காபரோவில் இது லேசான வேலை இல்லை. நான் ஓட்டுவதோ முகமும் பழசு, எலும்பும் பழசு. போன கிழமை மகள் என் பக்கத்தில், அந்தப் பலமில்லாத பக்கத்தில், இருந்தாள்.

"அப்பா, அது என்ரை காரின்ரை இயராயும் இருக்கலாம், நல்ல இயர்."

"இருக்கலாம்," என்று சொல்லிவிட்டு இன்னும் ஒதுங்கினேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். நல்லாய் அடிக்கட்டும்.